பதினோரு முறை பஞ்சரான பேருந்து: பள்ளி விதிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஒழுங்கு விதிகளை அச்சடித்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஆள்தான். இருபத்தாறு வருடம் ஆசிரியராக இருந்தேன். அதில் ஒன்பது வருடம், காலையில் வாசலில் நின்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்கும் வேலையும் என்னுடையது. முடி, நகம், ஷூ, பெல்ட், அடையாள அட்டை என்று தலையிலிருந்து கால்வரை பார்த்துத்தான் உள்ளே விடுவேன். தூரத்தில் என் தலை தெரிந்தாலே பிள்ளைகள் சட்டையை உள்ளே செருகிக்கொள்வார்கள். ‘சார் நின்னா வாசலே அமைதியா இருக்கு’ என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது பெருமையாக இருக்கும். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என்னிடம் ஒரு நீளமான தாமதப் பதிவேடு இருந்தது. தேதி, பெயர், வகுப்பு, வந்த நேரம், காரணம் என ஐந்து கட்டங்கள். முதல் சில வருடங்கள் தண்டனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயரை எழுதிவிட்டு உள்ளே போகலாம். அப்புறம் ஒரு வருடம் ‘கண்டிப்பு போதவில்லை’ என்று நிர்வாகம் முடிவு செய்தது. மூன்று நாள் தாமதமானால் முதல் பாடவேளை முழுக்க வெளியே முட்டி போட வேண்டும். ஐந்து நாளானால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவர வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆண்டுக் கடைசியில், வேலை இல்லாத ஒரு மதியம், அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். தாமதம் குறைந்த மாதிரி தெரியவில்லை. மாறியிருந்தது காரணக் கட்டம்தான். பழைய பக்கங்களில் ‘தூங்கிவிட்டேன்’, ‘ஒரு ஷூவைக் காணவில்லை’, ‘வீட்டில் சண்டை’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். புதிய பக்கங்களில் வயிற்றுவலி, தாத்தா காலமானார், பேருந்து பஞ்சர். இந்த மூன்றும்தான் மாறி மாறி வந்தன. ஒரே பேருந்து ஒரே மாதத்தில் பதினோரு முறை பஞ்சராகியிருந்தது. ஒரு பையனுக்கு ஒரே வருடத்தில் நான்கு தாத்தாக்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: ‘வீட்டில் சண்டை’ என்று என்னிடம் எழுதிக் கொடுக்கத் துணிந்திருந்த பிள்ளைகள், இப்போது அதை எழுதுவதில்லை. வீட்டில் சண்டை நின்றிருக்காது. எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். கடுமையான விதி முதலில் செய்யும் வேலை, பிள்ளையை நம் கண்ணிலிருந்து மறைப்பது. நடத்தை மாறுகிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நமக்கோ, மறைந்ததும் மாறியதும் ஒன்றுபோலவே தெரியும். வாசல் அமைதியாக இருக்கும்.

இது ஏதோ என் பதிவேட்டில் மட்டும் நடந்த கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் சின்னத் தவறுக்கும் அடி விழும், இன்னொன்றில் அடி கிடையாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, பின்னால் ஒரு பொம்மையை வைத்து, ‘திரும்பிப் பார்க்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அந்த வயதில் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? வித்தியாசம் அதற்கப்புறம்தான். ‘பார்த்தாயா?’ என்று கேட்டபோது, அடிக்கிற பள்ளியில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பொய் சொன்னார்கள். மற்றப் பள்ளியில் பொய் சொன்னவர்கள் கணிசமாகக் குறைவு. அதோடு, குறுக்குக் கேள்வி கேட்டும் மாட்டிக்கொள்ளாமல் பொய்யைக் காப்பாற்றும் திறமையும் அடிக்கிற பள்ளிப் பிள்ளைகளிடம்தான் கூடுதலாக இருந்தது. மூன்று வயதில்! அடி திரும்பிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை, பார்த்ததை மறைக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறது.

பிரம்பைத்தான் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டோமே என்பீர்கள். சரி. போலந்து 1783-லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. பிரம்பு போனது நல்லதுதான். ஆனால் அது போன இடத்தில் நாம் எதை வைத்தோம்? வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, இடைநீக்கம், பெற்றோரை வரவழைப்பது, ‘சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன்’ என்ற மிரட்டல். இவை உடம்பில் தழும்பு விடாது. அதனாலேயே நமக்கு உறுத்துவதில்லை.

எனக்கு உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பாடம் நடக்கும்போதெல்லாம் பக்கத்துப் பையனிடம் கிசுகிசுப்பான். விதி தெளிவானது: வகுப்பில் பேசினால் வெளியே. நான் அநியாயத்துக்கு நேர்மையானவன் இல்லையா, விதியை அப்படியே கடைப்பிடித்தேன். இரண்டு மாதத்தில் அவன் என் பாடவேளைகளில் பாதிக்கு மேல் கதவுக்கு வெளியே நின்றிருப்பான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான், எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. பணிந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பள்ளிக்குக் கண் மருத்துவக் குழு ஒன்று வந்தது. எழுத்துப் பலகையில் மேலே இருக்கும் பெரிய எழுத்தைத் தவிர அவனால் எதையும் படிக்க முடியவில்லை. கரும்பலகையில் நான் என்ன எழுதுகிறேன் என்றுதான் அவன் பக்கத்துப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கரும்பலகை தெரியாத பிள்ளையை, கரும்பலகையிலிருந்து இன்னும் இருபது அடி தள்ளி நிறுத்தியிருக்கிறேன், வாரக்கணக்கில்.

‘ஏன்டா சொல்லல?’ என்று கேட்டேன். ‘பேசினா வெளிய அனுப்புவீங்கன்னு பயமா இருந்துச்சு சார்’ என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்த விதி அப்படித்தான் புரிந்திருந்தது: ஆசிரியரிடமும் பேசக் கூடாது.

பாடத்திலிருந்து வெளியே அனுப்புவதைத் தண்டனையாக வைத்தால் நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. 1994-இல், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு நீக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு அது நியாயம்தான். ஆனால் ‘துளியும் பொறுப்பதில்லை’ என்ற அந்த மனப்பான்மை சண்டைக்கும் பரவியது, எதிர்த்துப் பேசுவதற்கும் உடைக்கும்கூடப் பரவியது. அந்த அனுபவத்தை அலசிய அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2008-இல் தன் முடிவைச் சொன்னது: இந்தக் கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானதாக மாறின என்பதற்கு ஆதாரம் இல்லை. இடைநீக்கம் அதிகமாக உள்ள பள்ளிகளில் சூழலும் மோசமாக இருந்தது, படிப்பும் பின்தங்கியிருந்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான அறிக்கை இன்னும் துல்லியமானது. கிட்டத்தட்ட 60 விழுக்காட்டுப் பிள்ளைகள் பள்ளியை முடிப்பதற்குள் ஒரு முறையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நீக்கப்பட்டிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கியவை 3 விழுக்காடுதான். மீதி எல்லாம் பள்ளியின் விருப்பம், அதாவது உங்களையும் என்னையும் போன்றவர்களின் முடிவு. அப்படி விருப்பத்தின் பேரில் நீக்கப்பட்ட பிள்ளை, அடுத்த ஆண்டில் சிறார் நீதித்துறையின் கையில் போய் நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தும், கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்த விருப்பத் தண்டனை அதிகமாக விழுந்தது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

‘கெட்ட பிள்ளைகளைத்தான் நீக்குகிறோம், அவர்கள் எப்படியும் கெட்டுத்தான் போவார்கள்’ என்று நீங்கள் மனத்துக்குள் சொல்வது கேட்கிறது. நானும் பல வருடம் அதைச் சொல்லித்தான் தூங்கினேன். அமெரிக்காவின் சார்லட் நகரில் 2002-இல் பள்ளி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அதனால் ஒரே தெருவில் வளர்ந்த, ஒரே மாதிரியான பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போனார்கள். சிலருக்குக் கண்டிப்பான பள்ளி வாய்த்தது, சிலருக்கு அவ்வளவு கண்டிப்பில்லாத பள்ளி. பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் இவர்களை வயது வந்த பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். இடைநீக்கம் கணிசமாக அதிகமாக உள்ள பள்ளிக்குப் போக நேர்ந்தவர்கள், பெரியவர்களானதும் கைதாகிச் சிறை செல்லும் வாய்ப்பு 15 முதல் 20 விழுக்காடு அதிகமாக இருந்தது. பிள்ளைகள் ஒரே மாதிரி, மாறியது பள்ளியின் கண்டிப்புதான்.

திரும்பவும் என் வாசலுக்கு வருகிறேன், தாமதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் கண் திறக்காது. இது சோம்பல் இல்லை, வளர்ச்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியது. ‘கூடுதல் நேரம் கிடைத்தால் இன்னும் தாமதமாகத் தூங்கப் போவார்கள்’ என்று எல்லாரும் சொன்னதுபோல நடக்கவில்லை. பிள்ளைகள் தினமும் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆய்வு செய்த இரண்டு பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் அதிகமாகப் படித்த பள்ளியில் தாமதமும் விடுப்பும் குறைந்தன. நான் வருடக்கணக்கில் முட்டி போட வைத்தும் முடியாததை, பள்ளி மணியை நேரம் மாற்றி அடித்தே செய்துவிட்டார்கள்.

தாமதத்துக்கு அபராதம் வாங்குகிற பள்ளிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபாவில், மாலையில் குழந்தையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குக் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வு அது. தாமதம் கூடியது! ‘ஐயோ, ஆசிரியை காத்திருப்பாரே’ என்ற கூச்சம் போய், காசு கொடுத்தாயிற்று என்ற நிம்மதி வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. தண்டனை ஒரு விலைப்பட்டியலாக மாறிவிட்டால் பிள்ளைகளும் கணக்குதான் போடுவார்கள். ‘இரண்டு நாள் லேட்டாகலாம், மூணாவது நாள்தான் முட்டி’ என்று என் வாசலிலேயே ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைக் காதால் கேட்டிருக்கிறேன்.

‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்பது நமக்குத் தண்டனையாகவே தோன்றாது. அன்றைய கூலியை இழந்து வந்து, நம் மேசை முன்னால் கைகட்டி நிற்கும் மனிதர், வீட்டுக்குப் போனதும் என்ன செய்வார்? புளோரிடாவில் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். மதிப்பெண் அட்டை வெள்ளிக்கிழமை கொடுக்கப்பட்டால், மறுநாள் சனிக்கிழமை, குழந்தைகள் அடிபட்டதாக உறுதி செய்யப்பட்ட சம்பவங்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. வாரத்தின் மற்ற நாட்களில் கொடுத்தபோது இந்த எகிறல் இல்லை. நாம் பிரம்பைத் தூக்கிப் போடவில்லை, சில வீடுகளுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பாடவேளையில் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்ற விதியைப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதை எடுத்துவிடுங்கள். மாதவிடாய் வந்த பெண் பிள்ளை ஓர் ஆண் ஆசிரியரிடம் எழுந்து நின்று, காரணம் சொல்லி, கெஞ்ச வேண்டிய நிலையை எந்த ஒழுக்கத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஒருவன் விசில் அடித்தால் வகுப்பே எழுந்து நிற்கும் கூட்டுத் தண்டனையும் அப்படித்தான். போர்க்காலத்தில்கூடப் பொதுமக்களுக்குக் கூட்டுத் தண்டனை கூடாது என்று 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை சொல்கிறது. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு அந்தச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை.

சரி, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிச் சமாளிப்பாள் என்று ஆசிரியைகள் கேட்பது நியாயமான கேள்வி. விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாத வகுப்பில் முதலில் அடிபடுவது பலவீனமான பிள்ளைதான். அடித்துக்கொள்கிறவர்களைப் பிரிக்கத்தான் வேண்டும். சின்னவனைத் துன்புறுத்துகிறவனை அன்றைக்கே நிறுத்தத்தான் வேண்டும். தண்டனைக்குப் பதிலாக உட்கார்ந்து பேசித் தீர்க்கும் வட்டங்கள் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதையும் நான் நம்பவில்லை. பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் அதைச் செய்து பார்த்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், இடைநீக்கத்தால் வீணாகும் நாட்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் நன்றாகியிருப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள், ஆனால் நடுநிலை வகுப்புகளில் படிப்பு கொஞ்சம் சரிந்தது. ஆகவே மந்திரம் எதுவும் என் பையில் இல்லை.

ஆனால் உறுதி வேறு, கடுமை வேறு. வர்ஜீனியா மாநில உயர்நிலைப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. விதிகள் எல்லாருக்கும் ஒன்றுபோல் நடைமுறையாகின்றன, அதே சமயம் கஷ்டம் என்றால் போய்ச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று மாணவர்கள் உணரும் பள்ளிகளில்தான் துன்புறுத்தல் குறைவு. இரண்டும் சேர்ந்து வேண்டும். கலிபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள்: தவறு செய்த பிள்ளையின் பக்கத்திலிருந்து யோசித்து, தண்டிக்கும்போதும் உறவை விடாமல் இருப்பது எப்படி என்று இணையத்தில் படித்து எழுதுவது. மொத்தமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2016-இல் வெளியான முடிவு: அந்த ஆசிரியர்களின் மாணவர்களில் ஆண்டு முழுவதும் இடைநீக்கம் ஆனவர்கள் 4.8 விழுக்காடு, பயிற்சி பெறாதவர்களின் மாணவர்களில் 9.6. எந்த விதியையும் யாரும் மாற்றவில்லை.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தண்டிக்கும் முன் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். பத்து நாள் வரை நீக்குவதாக இருந்தாலும் என்ன குற்றம் என்று சொல்லி, மாணவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-லேயே தீர்ப்புச் சொன்னது. அதற்கு நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை, இரண்டு நிமிடம் போதும். பாடத்தை இழப்பதைத் தண்டனையாக வைக்காதீர்கள். யாருக்கு, எந்த விதிக்காக, எத்தனை முறை தண்டனை விழுந்தது என்று வருடக் கடைசியில் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அதே பத்துப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும், நிச்சயம். அந்தப் பத்துப் பேருக்கு உங்கள் விதி வேலை செய்யவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அடுத்த வருடம் விதிகளை அச்சுக்கு அனுப்பும் முன், வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொரு விதியையும் படித்துக் காட்டுங்கள். எந்த விதிக்குச் சிரிக்கிறார்கள், எந்த விதிக்கு முகம் சுருங்குகிறது என்று கவனியுங்கள்.

என் கடைசி இரண்டு வருடங்களில், முட்டி போடும் விதியை நான் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன். நிர்வாகத்திடம் கேட்கவில்லை, தவறுதான். பதிவேடு மட்டும் இருந்தது, கேள்வி மட்டும் இருந்தது. முதல் மூன்று வாரம் பேருந்து வழக்கம்போலப் பஞ்சராகிக்கொண்டிருந்தது. நான்காவது வாரம், திங்கட்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பேனாவை வாங்கி, என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, காரணக் கட்டத்தில் எழுதினாள்: ‘தூங்கிட்டேன்.’

இப்படிக்கு,
ஒன்பது வருடம் வாசலில் நின்ற ஓர் ஆசிரியர்